இறங்குகோடு சொல்லும் செய்தி



மென்பொருள் ஆக்குவோர் சிறு குழுக்களாய்ப் பணிபுரியும் முறைகளுள் ஒன்று ஸ்க்ரம். 1995ஆம் ஆண்டில் கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லண்ட் என்னும் இருவர் அமெரிக்க மாநாடொன்றில் இதனை முன்வைத்தனர். ஒரு மாதத்திற்கு மேற்படாத தவணைக்குள் இன்னின்ன வேலையை முடிப்போம் எனக் குழு வகுத்துக்கொள்ளும். எஞ்சிய வேலையின் அளவை நாள்தோறும் புள்ளியிட்டு இணைத்தால் கீழ்நோக்கி இறங்கும் கோடொன்று கிடைக்கும். அதுவே பேர்ன்டவுன் வரைபு.

கோடு பல நாள் அசையாது கிடந்து இறுதி நாளிற் செங்குத்தாக வீழ்ந்தால், குழு சோம்பியிருந்தது என முடிவுகட்டுதல் தவறு. பெரும்பாலும் வேலைகள் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிரா. எல்லாம் பாதியில் நிற்க, ஒன்றேனும் முடிந்திராது. சோதிப்பவர் ஒருவரிடம் யாவும் வந்து தேங்கியிருத்தலுங் கூடும். அன்றி, நாளாந்தம் பதியாமல் கடைசியில் ஒருசேரப் பதிந்திருக்கலாம். வாரமுடிவிற் பதிவேடு நிரப்பும் பழக்கம் ஆசிரியராகிய எமக்கும் புதிதன்று!

கோடு மேலேறினால், இடைநடுவில் எவரோ புதுவேலை சுமத்தியிருக்கிறார். அல்லது வேலையின் கனம் பின்னரே தெரியவந்திருக்கிறது. எது என்பதைக் கேட்டே அறிதல் வேண்டும்.

எனக்கு மிக ஐயந்தருவது, அடிமட்டம் வைத்து இழுத்தாற்போன்ற நேர்கோடு. மனித உழைப்பு அவ்வாறு நடப்பதில்லை. கோட்டைக் கண்டு மேலாளர் கடிந்துகொள்ளும் இடத்தில், குழுவினர் அஞ்சிக் கோட்டையே திருத்திவிடுவர். பின்னர் அவ்வரைபு எதனையும் காட்டாது. ஆதலால், கோடு அசையாத இரண்டாம் மூன்றாம் நாளிலேயே, எந்த வேலை எவரிடம் நிற்கிறது என்று அமைதியாகக் கேட்டுவிடுவது நன்று.