தயக்கமும் நன்மையே



மின்சாரம் நின்றதும் நம் வீடுகளில் எரியும் பேட்டரி விளக்கைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். 12 வோல்ட் ஈயப் பேட்டரியை அளவு மீறி வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே, 11 வோல்ட்டுக்குத் தாழ்ந்ததும் விளக்கை அணைக்க ஒரு காவலன் தேவை. அக்காவலனே கம்பரேட்டர். இரு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு, எது மிகுதி என உரைப்பதே அதன் தொழில்.

முதன்முதல் யாம் அமைத்த சுற்று எம்மை நாணச் செய்தது. விளக்கு அணைந்ததும், சுமை நீங்கிய பேட்டரியின் அழுத்தம் சற்றே உயர்ந்தது; உடனே விளக்கு எரிந்தது; அழுத்தம் தாழ்ந்து மீண்டும் அணைந்தது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் முன் விளக்கு ஓயாமல் இமைத்தது!

இதற்கு மருந்து 'தயக்கம்'. 11 வோல்ட்டில் அணைத்தபின், மின்சாரம் மீண்டு 12.5 வோல்ட் ஏறும்வரை விளக்கை ஏற்றாதிருத்தலே அது. வெளிவரும் அழுத்தத்தில் சிறு பங்கை ஒரு மின்தடை வழியே உள்ளீட்டுக்குத் திருப்பினால் இக்குணம் அமையும். தடையின் அளவை மாற்றினால் இடைவெளியும் மாறும். கணவாயின் நரம்பை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஓட்டோ ஷ்மிட், 1938 இல் இத்தகைய சுற்றை வெளியிட்டார்.

காவலனே களஞ்சியத்தை உண்ணலாகாது அன்றோ? 3 மைக்ரோஆம்பியர் மட்டும் கொள்ளும் கம்பரேட்டர் ஓராண்டு முழுதும் விழித்திருந்தாலும் 0.03 ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது.

தயக்கம் குறைந்தால் விளக்கு இமைக்கும். மிகுந்தால் வேண்டும் வேளையிலும் எரியாது. அளவறிந்து தயங்குவதே அறிவு.