அந்தத் தாய் வாய் திறந்த நாள்



"முதலில் சமாதானம் வரட்டும், நீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய புண்ணைக் கிளறாதீர்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன்: உள்ளே சீழ் இருக்க, மேலே தோல் மூடிக்கொண்டால் அது ஆறிய புண்ணா?

ருவாண்டாவைப் பாருங்கள். 1994. நூறு நாளில் சுமார் 8 லட்சம் உயிர்கள். துட்சி இன மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று வானொலி இரவும் பகலும் ஏசியது. அங்கே ஐ.நா. படையினர் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். படுகொலை தொடங்கிய இரண்டே வாரத்தில் பாதுகாப்பு சபை கூடியது. படையைக் கூட்டவா? இல்லை, 270 பேராகக் குறைக்க! அந்தத் தீர்மானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அதே சபைதான் அந்தப் படுகொலையை விசாரிக்க அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அமைத்தது. தான்சானியாவின் அருஷா நகரில் அது நடந்தது. தாபா என்ற ஊரின் தலைவர் அக்காயேசு, ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர், குற்றவாளிக் கூண்டில் நின்றார். உயிருக்குப் பயந்து அவருடைய அலுவலக வளாகத்தில் வந்து ஒதுங்கிய பெண்களை அங்கேயே சீரழித்திருந்தார்கள். ஆனால் குற்றப்பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை!

மூன்று நீதிபதிகளில் ஒரே பெண், நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பேருந்து ஓட்டுநரின் மகள். சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னாள். குற்றப்பத்திரிகையில் இல்லை என்று நீதிபதிகள் தள்ளிவிடவில்லை. பிள்ளை துருவித் துருவிக் கேட்டார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு: இனப்படுகொலைக் குற்றத்தை ஒரு சர்வதேச நீதிமன்றம் விசாரித்து ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது அதுவே முதல் முறை. பெண்ணைச் சிதைப்பதும் இனத்தை அழிக்கும் செயல்தான் என்று எழுதப்பட்டதும் அன்றுதான்.

தோழர்களே, அந்தத் தாயிடம் போய் "மறந்துவிடு அம்மா, சமாதானம் கெட்டுவிடும்" என்று சொல்ல உங்களில் யாருக்கு வாய் வரும்?

அதே 1998 ஜூலையில் ரோம் நகரில் நிரந்தர சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சட்டம் நிறைவேறியது. 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன. இந்தியா? வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாதுகாப்பு சபைக்கு அதில் அதிக அதிகாரம் என்பது நம் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் குறை உண்மை, மறுக்கவில்லை. 2014இல் சிரியா வழக்கை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்ப, பாதுகாப்பு சபையின் 15 நாடுகளில் 13 கை தூக்கின. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டுத் தடுத்தன. அதற்காக வெளியே நிற்பதா? உள்ளே இருப்பவனுக்குத்தான் விதியை மாற்றச் சொல்லும் உரிமை. இலங்கையும் சேரவில்லை. அதனாலும்தான் அங்கே போரில் காணாமல் போன பிள்ளையின் புகைப்படத்தை ஏந்திக்கொண்டு முல்லைத்தீவுத் தாய் இன்றும் தெருவில் நிற்கிறாள்.

இந்திய அரசு ரோம் சட்டத்தில் இணைய வேண்டும். இந்தத் தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்!