உயிரணுவும் சுண்ணாம்பும்

வெளியூரில் குடியேறிய நம்மவர் பலர் முதலில் குறை கூறுவது தண்ணீரைத்தான். பருப்பு வேகவில்லை என்போம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிகிறது என்போம். அப்படிவில் பெரும்பகுதி சுண்ணாம்பே. அதனுள் அடங்கிய கால்சியம் என்னும் தனிமத்தைப் பற்றியே இன்று நேயர்களோடு பேசவிருக்கிறோம்.

இதன் பெருமை வெளிப்பட்டதும் குழாய்த் தண்ணீரால்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், உடலினின்று பிரித்தெடுத்த தவளை இதயத்தை உப்புநீரால் துடிக்கச் செய்து வந்தார். அவ்வுப்பு, காய்ச்சி வடித்த நீரில் அன்றிக் குழாய் நீரில் கரைக்கப்பட்டது என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. வடித்த நீரைக் கொண்டு செய்தபோது இதயம் ஓய்ந்தது. சிறிது கால்சியம் சேர்த்ததும் மீண்டும் துடித்தது. தமது முந்தைய முடிவைத் திருத்தி 1883-இல் அவரே எழுதினார். அந்நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

இத்துணை இன்றியமையாத பொருளை உயிரணு தன்னுள் தாராளமாக அனுமதிக்கிறதா? இல்லை. வெளியே உள்ளதில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கே உள்நீரில் தனித்துத் திரிகிறது. உயிரணுவின் ஆற்றல் வாணிபம் பாஸ்பேட்டைக் கொண்டே நடைபெறுகிறது. கால்சியம் மிகுந்தால் அதனோடு கூடிக் கல்லாகப் படிந்துவிடும். ஆகவே சவ்விலுள்ள இறைப்புப் புரதங்கள் அல்லும் பகலும் அதை வெளியேற்றுகின்றன. உள்ளே இவ்வளவு குறைவாக இருப்பதனாலேயே, சிறிது நுழைந்தாலும் அது ஒரு செய்தியாகிவிடுகிறது.

செய்தியைப் பெறுபவை சில புரதங்கள். தசையில் அவ்வேலையைச் செய்வது ட்ரோபோனின். 1960-களில் ஜப்பானிய அறிஞர் எபாஷி இதனைக் கண்டறிந்தார். அது கால்சியத்தைப் பற்றியதும் தசை சுருங்குகிறது. கால்மாடுலின் என்பதோ 148 அமினோ அமிலங்களாலான சிறு புரதம். நான்கு கால்சிய அணுக்களைப் பற்றும். செடியிலும் உண்டு, நம் மூளையிலும் உண்டு. பற்றும் இடத்தின் வடிவத்தைக் கெண்டை இன மீனொன்றின் தசைப் புரதத்தில் கண்ட கிரெட்சிங்கர், விரல் விரித்த வலக்கைக்கு அதை ஒப்பிட்டார்.

இனி, சாவைப் பற்றி. மாரடைப்பில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் இறைப்பதற்கு வேண்டிய ஆற்றல் குன்றுகிறது. கால்சியம் உள்ளே பெருகுகிறது. கால்பெய்ன் என்னும் புரதம் கால்சியத்தால் தூண்டப்பட்டு, உயிரணுவின் சட்டங்களையே அறுக்கத் தொடங்குகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா அளவுக்கு மீறி அதை ஏற்று, சவ்வில் துளை திறந்து செயலிழக்கிறது. இரத்தம் மீண்டும் பாயும் வேளையிலும் இக்கேடு நேரக்கூடும் என்பதே மருத்துவர்களின் கவலை. அதைத் தடுக்கும் வழியை இன்றும் தேடி வருகின்றனர்.

மற்றொரு புரதம் கால்ரெட்டிகுலின். உயிரணுவின் உள்ளறையில் கால்சியத்தைச் சேமித்து வைப்பது இதன் தொழில். சிலவகைச் சாவின்போது இதுவே மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. அதைக் கண்ட வெள்ளணுக்கள் அவ்வுயிரணுவை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன.