எண்பதுகளின் பாட்டும் இன்றைய தலைமுறையும்

(செஞ்சியில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எண்பதுகளின் திரைப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. என் வயதுக்காரர்கள் "அந்தக் காலம் மாதிரி வருமா!" என்று பெருமூச்சு விடுவார்கள். தம்பிகள் மெல்ல எழுந்து கேன்டீன் பக்கம் போய்விடுவார்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் பாட்டிலிருந்து புதியவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம்.

எண்பதுகள் என்றாலே கேசட்தான். அறுபது நிமிட கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டை ஒரு தாளில் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் நடையாய் நடந்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. அந்தத் தாளில் பாதிக்கு மேல் இளையராஜா பாட்டாகத்தான் இருக்கும். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையை முறையாகப் படித்தவர். 1976-ல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமானவர்.

1985-ல் வந்த கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிராமத்து மெட்டில் தொடங்குகிற ஒரு பாட்டு, முடிவில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. காம்போதியில் பாடப்பட்டுவந்த அந்தக் கீர்த்தனையை அவர் சாரமதி ராகத்தில் அமைத்தார். இசையமைத்தவருக்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. தனக்கு முன்னால் இருந்ததையெல்லாம் படித்து, அதை வேறொன்றாக ஆக்கிய வேலை அது.

இப்போது புதியவர்களுக்கு வருவோம். பழைய பாட்டை அப்படியே எடுத்துப் போடுவது ஒரு வகை. அமெரிக்காவின் 'பிளாக் ஐட் பீஸ்' குழு 2003-ல் வெளியிட்ட ஆல்பத்தில், 1985-ன் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டு ஒன்றின் துண்டு இருக்கிறது. 2024-ல் 'லப்பர் பந்து' படத்தில் 'பொன்மனச் செல்வன்' (1989) பாட்டு ஒலித்தபோது தியேட்டரே எழுந்து ஆடியது. ரசித்தோம், தப்பில்லை. ஆனால் அந்தக் கைதட்டலில் பாதி நம்முடைய பழைய நினைவுக்குக் கிடைத்தது, இல்லீங்களா?

இன்னொரு வகை ஏ.ஆர். ரகுமான். இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஆனால் 1992-ல் 'ரோஜா' வந்தபோது அது யார் பாட்டு மாதிரியும் இல்லை. பக்கத்தில் இருந்து கற்றவர் மெட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை, வேலையைக் கற்றுக்கொண்டு போனார். உண்மையான பாதிப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' கிடாரை வாயாலேயே வாசித்துக் காட்டாதவர் நம் செட்டில் உண்டா? அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வாத்தியக்காரர்கள் பெயரை கேசட் அட்டையில் போடும் வழக்கம் அன்று இல்லை. பின்னாளில் ரகுமான் தன் ஆல்பங்களில் வாசித்தவர்கள் பெயரையெல்லாம் அச்சிட்டார். இது சின்ன விஷயம் அல்ல. பெயர் இருந்தால்தான் அடுத்த வேலை வரும், கூலி வரும், மரியாதை வரும்.

தம்பிகளே, உங்களில் சிலர் செல்போனிலேயே பாட்டு கட்டுகிறீர்கள், கேட்டேன், நன்றாகவே இருக்கிறது. நம் கோட்டையைப் பாருங்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது ஒருவர் கட்டியதா? நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677-ல் வந்த சிவாஜி என்று ஒவ்வொருவரும் இருந்ததோடு தம் பங்கைச் சேர்த்தார்கள். பாட்டும் அப்படித்தான் வளர்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஒலிக்கும் பம்பையும் உடுக்கையும், நம் ஊர்க் கூத்தின் முகவீணையும் உங்கள் காதிலேயே இருக்கின்றன. பண்ணைப்புரத்துக்காரர் தன் ஊர்ப் பாட்டை வைத்துத்தான் ஆரம்பித்தார். நீங்களும் உங்கள் ஊரிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆனால் பம்பைக்காரரின் அடியை செல்போனில் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் பெயரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். பாட்டு வெளிவரும்போது அவர் பெயரைப் போடுங்கள், காசு வந்தால் பங்கு கொடுங்கள். எண்பதுகளில் நாங்கள் ரசித்துவிட்டுப் பெயர் கேட்காமல் விட்டதை நீங்கள் கேட்டு எழுதுங்கள்.