பல் எடுத்த குழியைக் காப்போம்

பல்லைப் பிடுங்கியாச்சு, வலி போச்சுன்னு விட்டுடாதீங்க. பல் போன இடத்தில் தாடை எலும்பு கரையும். ஓராண்டுக்குள் அகலத்தில் பாதிகூடக் குறையலாம். அதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே. அப்புறம் பல்செட் சரியா நிக்காமப் போகலாம்.

குழியில் உறையும் ரத்தம்தான் புது எலும்புக்கு விதை. 24 மணி நேரம் கொப்பளிக்காதீங்க. பீடி, புகையிலை வேண்டவே வேண்டாம்.

எலும்பு முறிஞ்சா பிரண்டை வைத்துக் கட்டுவது நம்ம பழக்கம். அதுக்காக அரைச்சுப் பல்குழியில் அடைக்காதீங்க. உறைஞ்ச ரத்தம் பெயர்ந்துடும், சீழும் பிடிக்கலாம். புண் ஆறியதும் துவையலாச் சாப்பிடுங்க.

செயற்கைப் பல் கட்டும் எண்ணமிருந்தா, பல் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்க. குழியில் எலும்புத்தூள் வைக்க வழியுண்டு. 3-ம் நாள் வலி கூடினால் உடனே பல் மருத்துவரிடம் போங்க. சந்தேகத்துக்கு 104-ஐ அழையுங்க.