பெயருக்கு வந்த பணம்

ஜவ்வாது மலைக் கிராமங்களில் மருத்துவப் பணி செய்யும் வேலூர் சி.எம்.சி.யின் தொடக்கமே ஒரு நன்கொடைதான். பெண்களுக்கு மருத்துவமனை கட்ட 1899-இல் நியூயார்க்கில் நிதி திரட்டினார் சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர். ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. கல்வெட்டில் ஒரு பெயர். கொடுத்தவருக்கு அதுவே ரசீது.

இன்று பெயர் மட்டும் போதாது. கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க, நிறுவனம் அதற்கெனப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் சலுகையே கிடையாது. வெளிநாட்டுப் பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வந்து சேர வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தின்படி, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, முன்பு 50. அலுவலக வாடகையும் கணக்கெழுதும் செலவும் இதற்குள் அடக்கம். பெரிய நிறுவனங்கள் சமாளித்துவிடும். ஜமுனாமரத்தூர் போன்ற மலையூரில் நாலு பேரை வைத்து நடக்கும் சிறு தொண்டு அமைப்புக்குத்தான் கையைக் கடிக்கும். அத்தகைய அமைப்புக்கு மாதம் நூறு, இருநூறு என விடாமல் தரும் உள்ளூர்க்காரர்கள் பெரும்பலம். அவர்களுக்கு ரசீதும், பணம் போன இடத்தைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதமும் தவறாமல் போய்ச் சேர வேண்டும்.