நாய்க்குட்டியைத் தெருவுக்குப் பழக்குங்கள்
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிப் பேசச் சொன்னீர்கள். "சின்சில்லா வாங்கலாமா?" என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். அது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக் குளிருக்கு உரிய பிராணி. உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் தாங்காது. நம் ஊர் வெயிலில் இரவும் பகலும் ஏ.சி. போட்டு வைக்க முடியாதவர்கள் அதை வாங்க வேண்டாம்.

நமக்கு நம் பக்கத்து நாய்களே இருக்கின்றன. சிப்பிப்பாறை, இராஜபாளையம், கன்னி. இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள்.

"எங்க நாய் வீட்டாளைத் தவிர யாரையும் அண்ட விடாது" என்று சிலர் பெருமையாகச் சொல்கிறீர்கள். தோட்டக் காவலுக்கு அது சரி. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருவில் அது ஆபத்து. கடிக்கிற நாய் பெரும்பாலும் பயந்த நாய்தான். அந்தப் பயம் வராமல் தடுக்கும் காலம் மிகக் குறுகியது: குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து சுமார் 14-வது வாரம் வரை.

ஆகவே 8 வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு நாள் அமைதியாக விடுங்கள். பிறகு தினமும் காது, வாய், பாதம் எல்லாவற்றையும் மெதுவாகத் தொட்டுப் பழக்குங்கள். நாளைக்குக் கால்நடை மருத்துவர் தொடும்போது மிரளாது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்: தறிச் சத்தம், பள்ளிப் பிள்ளைகள், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சிலிண்டர் கொண்டு வருபவர். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ஒரு வாய் தின்பண்டம் கொடுங்கள். குட்டி பின்வாங்கினால் நீங்களும் தள்ளி நில்லுங்கள், வலிய இழுக்காதீர்கள்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். வளர்ந்த நாயையும் பழக்கலாம். நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு வெறுப்புதான் வளரும். காலையும் மாலையும் நடக்க வையுங்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டே விதி: தின்கிற நாயையும் தூங்குகிற நாயையும் தொடக் கூடாது, தெரியாத நாயைக் கண்டு ஓடக் கூடாது.

3 மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசி. இதில் சாக்குப்போக்கு வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாத் தவணையும் போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக இயலாது.

ஆடித்தபசு வந்தால் ஊரே கூட்டமாகிவிடும். அதற்குள் குட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அழைத்து உங்கள் குட்டியைப் பழக்கிவிடுங்கள். தெருவை அறிந்த நாய் தெருவுக்குத் துணையாக இருக்கும்.